வாழைத்தண்டுச் சாறு நின்றுபோன காலை

என் அஞ்சலை அண்ணிக்கு,

பச்சையம்மா எழுதுகிறேன். உன் ஒரே நாத்தனார். இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான், கோபித்துக்கொள்ளாதே. நீ இருந்தபோது எழுத அவசியமே வரவில்லை. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதைத் தட்டினால் போதும். இப்போது எதைத் தட்டுவது?

மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். நம் வீட்டு விஷயம் எல்லார் வீட்டு விஷயம்தான் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. மில்லில் நெல் மூட்டை தூக்கித் தூக்கி உரம் ஏறிய அந்தத் தோளை இப்போது சட்டைக்குள் தேட வேண்டியிருக்கிறது. பீடி இருமல் என்றுதான் நாங்களும் விட்டுவிட்டோம். போன வாரம் நம் கள்ளக்குறிச்சியிலேயே நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இப்போது இங்கேயே பெரிய ஆஸ்பத்திரி வந்துவிட்டது, அண்ணி, பாண்டிச்சேரிக்கு ஓட வேண்டியதில்லை. நுரையீரலில் கட்டி. அதிலிருந்து கொஞ்சம் இறங்கி வலது கிட்னியில் உட்கார்ந்திருக்கிறதாம்.

டாக்டரம்மா அதைச் சொன்னபோது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. சின்னப் பெண், நம் கலாவின் மகள் வயதுதான் இருக்கும். நான் அழவில்லை என்று அவளுக்கு ஆச்சரியம். ஏற்கெனவே கேட்ட பாடம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அண்ணனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. உன் மகள் கலா வராண்டாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அத்த, அப்பாவுக்குத் தெரிய வேணாம். சளி கட்டிக்கினு இருக்குதுன்னு சொல்லிக்கலாம். தெரிஞ்சா அவரு ஒடைஞ்சி பூடுவாரு." டாக்டரம்மாவோ பிடிகொடுக்கவில்லை. "சில மருந்து கிட்னியப் பாதிக்கும். எதைக் குடுக்கறது, எதை வேணாம்னு விடறதுன்னு அவர்கிட்ட பேசித்தான் முடிவு பண்ணணும். அவருக்குத் தெரியாம எப்படிம்மா?" என்றாள். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். இன்று சனிக்கிழமை. சொல்வதா, மறைப்பதா? இதைக் கேட்க உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் கதையை முதலிலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். தப்பாக இருந்தால் திருத்து. நீ எப்போதும் திருத்துகிறவள்தானே.

இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்களே, அந்த வருஷம். அதற்குப் பல மாசம் முன்பு நீ என்னிடம் ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்தாய். "தொளதொளன்னு இருக்குது பச்ச, கொஞ்சம் புடிச்சுக் குடு" என்றாய். நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்தான். பிடித்துக் கொடுத்தேன். அடுத்த மாசமே மறுபடியும் வந்தாய். எனக்கு வந்ததே கோபம். "இன்னா அண்ணி, என் தையல் மேல சந்தேகமா, இல்ல சினிமாவுல சேரப் போறியா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது. ரெண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

எப்படிக் கவனிப்பது? நீ மில்லில் நெல் அவிக்கிறவள். விடியும்போதே உமி அடுப்பு முன்னால் போய் நின்றால், நெல் வெந்து, களத்தில் கொட்டிக் காயவைத்து, காலால் துழாவிவிட்டு வீடு வரும்போது உன் மூக்கும் புடவையும் ஒரே கரி. அங்கே வேலை செய்த எல்லாப் பெண்களும் இருமினார்கள். இருமாதவள்தான் புதுசாகச் சேர்ந்தவள். அந்த இருமலுக்கு ஒரு பெயரே இருந்தது நமக்கு, மில்லு இருமல் என்று.

ஒரு நாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு என் காதில் சொன்னாய். "ஒண்ணுக்குச் செவப்பா போவுது பச்ச."

நான் உடனே வைத்தியம் சொன்னேன். எனக்குத்தான் தெரியாத வைத்தியமே கிடையாதே! "உமி அடுப்பு முன்னால நாள் பூரா நிக்கிறவளுக்குச் சூடு புடிக்காம இன்னா பண்ணும்?" வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். இளநீர் வாங்கிக் கொடுத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். நாலு நாள் சிவப்பு நின்றது. நம் கைப்பக்குவம் என்று பெருமையாக இருந்தது.

அப்புறம் விலாவுக்குக் கீழே வலி வந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நீ நடந்ததைப் பார்த்து மில்லே சேர்ந்து தீர்ப்புச் சொன்னது: கல். ரத்தம் போவுது, விலா வலிக்குது, கல்லு இல்லாம வேற இன்னா? ஊரில் ஒரு டாக்டரும் கல்லாகத்தான் இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து வாழைத்தண்டுச் சாறு. நான்தான் செய்வேன். தண்டை வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, உரலில் இடித்து, துணியில் பிழிந்து, ஒரு சொம்பு. நீ கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குடிப்பாய். குடித்து முடித்ததும் என்னைத் திட்டுவாய். "உன் வாயில ஊத்தணும்டி இத" என்று.

மாசக்கணக்கில் ஊற்றினேன். சுற்றுவட்டாரத்தில் தண்டு வாங்காத தோட்டம் இல்லை. கரைய வேண்டிய கல் கரையவில்லை, நீதான் கரைந்தாய். முகம் காலையில் வீங்க ஆரம்பித்த பிறகுதான் அண்ணன் பயந்துபோய் உன்னைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனார். நானும் கூட வந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரை நினைவிருக்கிறதா? நரைத்த மீசை, மெதுவான பேச்சு. இடுப்பைத்தான் காட்டினோம். அவர் காதில் குழாயை மாட்டி நெஞ்சில் வைத்துக்கொண்டு வெகு நேரம் கேட்டார். "எத்தனை நாளா இருமல்?" என்றார். மூன்று பேரும் ஒரே குரலில், "அது மில்லு இருமல் டாக்டர்" என்றோம். அவர் எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அதில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நெஞ்சுக்குப் படம், வயிற்றுக்கு ஸ்கேன், அப்புறம் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை. முடிவு வந்த அன்று உன்னை வார்டில் படுக்க வைத்துவிட்டு என்னையும் அண்ணனையும் தனியாக அழைத்தார். ரெண்டு கிட்னியிலும் கட்டி இருக்கிறது என்றார். அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் தயங்கவே இல்லை, அண்ணி, யோசிக்கவும் இல்லை. "எங்கிட்ட ரெண்டு இருக்குது டாக்டர். ஒண்ண எடுத்து எங்க அண்ணிக்கு வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டேன். கிட்னியை மாற்றி வைக்கிறார்கள் என்று அப்போது பத்திரிகையில் படித்திருந்தேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். "அம்மா, இது கிட்னியில ஆரம்பிச்ச நோய் இல்ல. நுரையீரல்ல ஆரம்பிச்சது. உடம்புல ஓடற ரத்தமெல்லாம் கிட்னிக்குப் போய் வடிகட்டிக்கிட்டுத்தான் திரும்பும். நுரையீரல் கட்டியில இருந்து உதிர்ந்தது அந்த ரத்தத்துலயே வந்து, அங்க மாட்டி, அங்கயே வளர்ந்திருக்கு. தங்கியிருக்கிற இடம் கிட்னி. ஆனா நோய் நுரையீரல் நோய்தான்."

"அப்ப கிட்னிய மாத்தினா?"

"உங்க கிட்னி நல்ல கிட்னிதான். அதுலயும் இவங்க ரத்தம்தானே ஓடும்?"

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம். ஒருத்தி கொடுக்கிறேன் என்று நிற்கிறாள், வாங்க முடியாது என்றால்? என் உடம்பில் உனக்கு ஆகிற பொருள் ஒன்றுமே இல்லையா? அதை இன்றுவரை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. நான் பிறந்த வீட்டுக்கு நீ வாழ வந்தபோது எனக்குத் தாவணி வயது. எனக்குத் தலை பின்னிவிட்டவள் நீ. தைக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று அண்ணனிடம் சண்டை போட்டு மிஷின் வாங்கிக் கொடுத்தவள் நீ. உனக்குக் கொடுக்க என்னிடம் கடைசியில் வாழைத்தண்டுதான் இருந்தது.

அதையும் டாக்டர் பிடுங்கிக்கொண்டார். "இன்னொண்ணு. கிட்னி வேலை குறைஞ்சு ரத்தத்துல உப்பு ஏறிக்கிட்டு வருது. இனிமே வாழைத்தண்டு, இளநீர் ரெண்டும் குடுக்காதீங்க. நல்ல கிட்னி இருக்கிறவங்களுக்கு அது நல்லது. இவங்களுக்கு இதயத்தையே நிறுத்திடலாம்." கடுமையான மருந்தைத் தாங்குகிற உடம்பு இல்லை, வலிக்கும் மூச்சுக்கும் மருந்து தருகிறேன், வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். பீடி குடிக்காத பொம்பளைக்கு எப்படி டாக்டர் என்று அண்ணன் கேட்டார். அடுப்புப் புகையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

வார்டுக்குத் திரும்பும்போதே நாங்கள் பொய்யைத் தயார் பண்ணிவிட்டோம். நம் பக்கத்தில் அப்படித்தானே வழக்கம்? நோய் யாருக்கோ அவருக்குத் தவிர எல்லாருக்கும் தெரியும். உன் படுக்கை பக்கத்தில் நின்று அண்ணன் சொன்னார். "கல்லு பெரிசா இருக்குதாம். மருந்துலயே கரைச்சிடலாம்னு சொல்லிட்டாரு." நீ அவர் முகத்தைப் பார்த்தாய். "சரிய்யா" என்றாய்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையில் அண்ணன் மட்டும் இறங்கினார். ஒரு வேலை இருக்கிறது, நீங்கள் போங்கள் என்றார். என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "லாரிக்காரங்க வூட்டுல பேசிட்டு வந்துடறேன். அவ கண்ணால கலா கல்யாணத்தப் பாத்துட்டுப் போவட்டும்." அந்த வீட்டில் கலாவை முன்பே கேட்டிருந்தார்கள். பிளஸ் டூ முடிக்கட்டும், டீச்சருக்குப் படிக்க வைக்கணும் என்று நீதான் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாய்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்? தாய்க்கோ தகப்பனுக்கோ நாள் நெருங்கினால் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அவசரமாகத் தாலி ஏறும். போகிறவர் குறையில்லாமல் போக வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்கிறோம் என்று அவர்களும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வருவதற்குள் ரோடே மூடிக்கொண்டது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் நெடுக மரங்கள் விழுந்து கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. நெல் வராததால் மில்லும் நின்றது. பேப்பரும் வராமல் ஊரெல்லாம் காதில் விழுந்ததைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் நம் பிள்ளைகள் படிக்க, வேலைக்குப் போகத்தானே கேட்கிறார்கள் என்றார்கள். இன்னொரு பக்கம், நிழல் கொடுத்த புளியமரம் என்ன பாவம் செய்தது என்றார்கள். அண்ணன் ரெண்டு பக்கத்துக்கும் தலையாட்டினார். அவர் கவலை லாரிக்காரர் வீட்டார் எப்படி வருவார்கள் என்பதுதான்.

அந்த வாரம்தான் நீ முதல் முறையாகப் பகலில் வீட்டில் உட்கார்ந்திருந்தாய். ஒரு காலை என் மிஷின் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய். கலா பள்ளிக்கூடம் இல்லாததால் சிநேகிதி வீட்டில் படிக்கப் போயிருந்தாள். நான் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"பச்ச."

"இன்னா அண்ணி?"

"சாறு எங்கடி?"

நான் மிஷினை நிறுத்தவில்லை. "தண்டு கிடைக்கல அண்ணி. ரோடு மறிச்சிட்டாங்க இல்ல."

"வாழத்தோப்பு நம்ம ஏரிக்கரையில இருக்குது. அதுக்கு எதுக்குடி ரோடு?"

என் கால் மிதியிலேயே நின்றுவிட்டது.

"கல்லு பெரிசா இருக்குதுன்னா சாறு ஜாஸ்தியால்ல குடுக்கணும்? சின்னக் கல்லா இருந்தப்ப என்னைப் புடிச்சு வெச்சு ஊத்தின. பெரிசானதும் நிறுத்திட்ட. இளநியும் இல்ல. கல்லு இருக்கிறவளுக்கு எதுக்கு இவ்ளோ அவசரமா பொண்ணு கல்யாணம்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ எழுந்து வந்து என் முகத்தை உன் பக்கம் திருப்பினாய். உன் கை சூடாக இருந்தது. "உனக்குப் பொய் சொல்ல வராதுடி பச்ச. சொல்லு."

சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னபடியே சொன்னேன். நெஞ்சில் ஆரம்பித்தது, ரத்தத்தில் இறங்கியது, கிட்னியில் தங்கியது என்று. நான் கொடுக்கிறேன் என்று சொன்னதையும் டாக்டர் வேண்டாம் என்றதையும் சேர்த்துச் சொன்னேன். அதற்குத்தான் நீ அழுதாய். உன் நோய்க்கு அழவில்லை. "பைத்தியக்காரி, ஒண்ண குடுத்துட்டு நீ எப்புடிடி மிஷின் மிதிப்ப?" என்று என் தலையில் குட்டினாய்.

அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க அண்ணனக் கூப்புடு" என்றாய்.

அண்ணன் வந்து வாசல்படியிலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னை அடிக்கிற மாதிரி பார்த்தார். நீதான் பேசினாய்.

"இங்க பாருய்யா. நான் பாக்கணும்னு அவளுக்குக் கல்யாணம் பண்ணாத. நான் பாக்க வேணாம்."

"உன் ஆசைக்குத்தான் அஞ்சல..."

"என் ஆச அது இல்லய்யா. என்னைக் கேட்டியா?"

அண்ணன் வாசல் வழியாக ரோட்டைப் பார்த்தார்.

"ரோட்டுல நிக்கிறாங்களே, இன்னாத்துக்கு? நம்ம புள்ளைங்க படிக்கணும்னு. அவங்க வெயில்ல நின்னு எடம் கேட்டுக்கினு இருக்காங்க. நீ அந்த ரோட்டு வழியாவே மாப்பிள்ளையக் கொண்டாந்து படிப்ப நிறுத்தற. எடம் கிடைச்சா யாரு போய் உக்காருவா, லாரியா?"

அண்ணன் படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். மூட்டை தூக்குகிற மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நீ அவர் தலையை உன் இடுப்பில் சாய்த்துக்கொண்டாய். அந்த வலிக்கிற இடுப்பில்தான். "சொல்லாம வுட்டிருந்தீங்கன்னா இந்த அநியாயம் என் தலைக்கு மேலயே நடந்து முடிஞ்சிருக்கும். நானும் சந்தோஷமா பாக்கு வெத்தல வெச்சிருப்பேன்" என்றாய்.

ரோடு திறந்ததும் அவர்கள் வருகிறோம் என்று மறுபடியும் ஆள் அனுப்பினார்கள். முதல் பஸ்ஸில் அண்ணனே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். நீ என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினாய். கல்யாணத்தை நிறுத்தியது நீ என்று கலாவுக்குத் தெரியக்கூடாது. "எனக்காக அம்மா கல்யாணத்தக் கூட பாக்காம பூட்டாளேன்னு அவ மனசு அடிச்சிக்கும். ரோடு மறிச்சதால தள்ளிப் போச்சு, அவங்க வேற எடம் பாத்துட்டாங்கன்னு சொல்லிடுங்க." சரி என்றேன். அண்ணனும் சரி என்றார்.

அதற்குப் பிறகு உனக்கு இருந்த நாளை நீ செலவு செய்த விதத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். மில் வேலையை நீயே விட்டாய். உன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றாய். கச்சிராயபாளையத்துக்கு மேலே, கல்வராயன் மலையின் அடியில் உன் ஊர். கலாவும் நானும் கூட வந்தோம். போகிற வழியில் கோமுகி அணைக்கரையில் உட்கார்ந்து, மலையைப் பார்த்துக்கொண்டு நீ மெதுவாக மூச்சு வாங்கினாய். "இங்க மூச்சு நல்லா வருது பச்ச" என்றாய். சின்ன வயதில் மலைக்கு மேலே கடுக்காய் பொறுக்கப் போன கதையெல்லாம் கலாவுக்குச் சொன்னாய். அவளைக் கூப்பிட்டு, சோறு வடிப்பதிலிருந்து உன் மாங்கல்யத்தை என்ன செய்வது என்பது வரை ஒவ்வொன்றாகப் பேசினாய். அவளுக்கு நோய் இன்னதென்று நீயே உன் வாயால் சொன்னாய். கல்யாண விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் முகமும் காலும் வீங்கின. தூக்கம் அதிகமானது. கிட்னி நின்றால் அப்படித்தான் இருக்கும், வலி கம்மியாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம், கலா உன் தலைமாட்டில் உட்கார்ந்து பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கும்போது நீ போனாய். நீ போனது தெரியாமல் அவள் இன்னும் கொஞ்ச நேரம் படித்துக்கொண்டே இருந்தாள். அதைப் பற்றி அவள் ஒருபோதும் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.

உன் மகள் டீச்சராகிவிட்டாள், தெரியுமா? அவளுக்கு இடம் கிடைத்தது அந்தப் போராட்டத்தாலா, அவள் வாங்கிய மார்க்காலா என்று கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில் யாராவது ரெண்டு பேர் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. உன்னால்தான் என்பது மட்டும் தெரியும். மலை மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். கீழே மாற்றல் கேட்காமல் அங்கேயே இருந்தாள். கூட வேலை பார்த்த வாத்தியாரைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. நீ சொன்ன வார்த்தை அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

ஆனால் அண்ணி, அவளுக்குத் தெரியாது. யாராவது பழைய கதை எடுத்தால் அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். "நல்ல வேள அத்த, அந்த வாரம் ரோடு மறிச்சாங்க. இல்லன்னா நான் உளுந்தூர்பேட்டையில லாரி எண்ணிக்கினு இருந்திருப்பேன்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் ரோட்டில் கிடந்த புளியமரத்துக்கு நன்றி சொல்கிறாள். உனக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது அதே கலாதான் அப்பாவிடம் மறைத்துவிடலாம் என்கிறாள். பாசத்தில்தான் சொல்கிறாள். அண்ணனும் அன்றைக்குப் பாசத்தில்தான் மறைத்தார். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது அண்ணன் என் காதருகே குனிந்து கேட்டார். "பச்ச, எனக்கு இன்னாவாம்?"

"சளிதான் அண்ணா. கட்டிக்கினு இருக்குதாம்" என்றேன்.

அவர் வெளியே திரும்பினார். அப்புறம், "உங்க அண்ணிக்குக் கல்லுன்னு சொன்னோம்" என்றார். அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது என் பையையும் அவரே வாங்கிக்கொண்டார். இருமிக்கொண்டே.

அதற்குப் பிறகும் நான் உன்னிடம் யோசனை கேட்டு எழுதுகிறேனே, என்னை என்ன சொல்வது? நீ அன்றைக்கே சொல்லிவிட்டாய். என்னைக் கேட்டியா என்று. அவரையும் கேட்க வேண்டும். மருந்து ஏற்றிக்கொள்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, உன்னைப் போல் மலையடிவாரத்துக்குப் போய் உட்கார வேண்டும் என்கிறாரா, எனக்கு எப்படித் தெரியும்? இப்போது அன்றைக்கு இல்லாத மருந்தெல்லாம் இருக்கிறதாம். கிட்னியும் இன்னும் வேலை செய்கிறதாம். நாள் இருக்கிறது. அது அவருடைய நாள். கலாவுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

நான் நேராகப் போய் அண்ணனிடம் சொல்லிவிடலாம். ஆனால் கலாவை மீறிச் சொன்னால் அவள் மனசில் அது முள்ளாகத் தங்கும். அவளே சொல்ல வேண்டும். அவள் சொல்ல வேண்டுமென்றால், மறைக்காததால்தான் தன் வாழ்க்கை தனக்குக் கிடைத்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. எனக்கு நீ கொடுத்த வேலை அது இல்லை என்று தெரியும். நீ வருத்தப்படுவாய் என்றும் தெரியும். அவள் அழுவாள், நிச்சயம். அழட்டும். ஐம்பது வயது தாண்டிய பெண் தன் அம்மாவை நினைத்து ஒரு தடவை முழுசாக அழுவதில் என்ன கெட்டுப்போகிறது?

நாளைக்குக் காலையில் கலா வருகிறாள். அவளை என் மிஷின் பக்கத்தில் உட்கார வைத்து, ரோடு மறித்த வாரத்தில் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். அப்புறம் ரெண்டு பேருமாக எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போவோம். அண்ணனிடம் அவள் சொல்வாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு, அண்ணி. பழைய வாக்கை உடைத்துத்தான் இதைக் கொடுக்கிறேன்.

அடிக்க வேண்டுமென்றால் நான் அங்கே வந்ததும் அடி. குனிந்து நிற்கிறேன்.

உனக்குச் செய்த சத்தியத்தை நாளைக்கு மீறப்போகும்,
உன் நாத்தனார்
பச்சையம்மா